ஒற்றைக்கை மாஸ்டரும் முப்பத்திரண்டு கடதாசியும்

கொழும்பில் கார் பழக்குகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் காலி வீதியின் காலை நெரிசலில், இடது கையால் கடதாசிக் கட்டை, அதாவது விளையாடும் சீட்டுக்கட்டை, வெட்டிக்கொண்டே வலது கையால் என் உயிரைக் காப்பாற்றிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். வெள்ளவத்தை முழுவதும் அவரை ஒற்றைக்கை மாஸ்டர் என்றுதான் சொல்லும். சொந்தப் பெயர் என்னவென்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் எனக்குக் கார் ஓட்டும் ஆசை வந்தது. எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும் டொக்டர் அம்மாவிடம் யோசனை கேட்டேன். "ஒற்றைக்கை மாஸ்டரிட்டப் போங்கோ, அவர்தான் திறம்" என்றார். எனக்குப் பகீரென்றது. இரண்டு கை உள்ளவர்களே அந்த வீதியில் தடுமாறுகிறார்கள், ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எப்படிப் பழக்குவார் என்று இரவெல்லாம் கவலைப்பட்டேன். அடுத்த நாள் காலை ஆறரைக்கு 'எல்' பலகை மாட்டிய சின்னக் கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு வணக்கம் சொல்லுமுன் அவருடைய கைகளை எண்ணினேன். இரண்டும் இருந்தன.

அந்த நிம்மதி ஐந்து நிமிடம் நீடித்தது. மார்க்கெட் சந்தியில் சிவப்பு விளக்குக்காக நின்றோம். கிளச்சை மிதித்தபடி நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "விடு... விடு... இன்னும் கொஞ்சம் விடு..." சொல்வது மாஸ்டர் அல்லவா? விட்டேன். கார் ஒரு துள்ளுத் துள்ளி, முன்னால் நின்ற ஓட்டோவின் முதுகில் மூக்கை வைக்கப் போனது. அதற்குள் கைப்பிரேக் மேலே வந்துவிட்டது. அவருடைய வலது கை எப்போது அதைப் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏன் அக்கா விட்டனீங்கள்?"

"நீங்கள்தானே மாஸ்டர் விடச் சொன்னனீங்கள்."

"அது பெருவிரலுக்குச் சொன்னனான்."

அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். மடியில் ஒரு கட்டுக் கடதாசி பாதி இருந்தது, மீதி காலடியில் கிடந்தது. முதல் வகுப்பில் நான் கற்றது கார் ஓட்டுவதை அல்ல, ஒற்றைக்கை வெட்டு என்றால் என்ன என்பதைத்தான். கட்டை ஒரு கையின் விரல்நுனிகளில் தூக்கிப் பிடிக்க வேண்டும். பெருவிரலைத் தளர்த்தினால் கீழ்ப்பாதி உள்ளங்கைக்குள் இறங்கும். அதைச் சுட்டுவிரலால் மேலே தள்ளிவிட, மேல்பாதி வழுகி அதற்குக் கீழே போய் உட்கார வேண்டும். மஜிக் செய்கிறவர்கள் பார்க்கிறவர் கண்ணை இமைக்குமுன் இதை முடித்துவிடுவார்கள். மற்றக் கை பக்கத்திலேயே வரக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. வீட்டில் செய்து பாருங்கள், பிறகு கட்டிலுக்கு அடியில் தேடுங்கள்.

அன்றே நாங்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எனக்குச் சொல்வதென்றால் முன்னால் 'அக்கா' என்று போட வேண்டும். அக்கா இல்லாத 'விடு' எல்லாம் விரலுக்கு. அந்த ஒப்பந்தத்தை அவர் ஒருநாளும் மீறவில்லை. மீறியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்படிச் சொல்வதால் அவர் வேலையில் கவனமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ் பக்கவாட்டில் நுழையப் போகிறது என்பது பஸ் சாரதிக்குத் தெரியுமுன் அவருக்குத் தெரிந்துவிடும். என்னுடைய காலைப் பார்க்காமலே எந்தப் பெடலில் இருக்கிறது என்று சொல்வார். ஒருநாளும் என்னை ஏசியதில்லை. கடதாசியையும் ஏசியதில்லை. விழுந்தால் பொறுக்குவார், பொறுக்கியதும் மறுபடி தொடங்குவார். பெருவிரலின் தோல் வெடித்தபோது பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். பிளாஸ்டர் வழுக்குகிறது என்று அதையும் கழற்றி எறிந்தார். பிள்ளையார் கோயில் வரிசையில் வலது கையில் திருநீறு வாங்கும்போது இடது கை சால்வைக்குள் வெட்டிக்கொண்டிருந்ததை என் கண்ணால் கண்டேன். ஐயரும் கண்டார். நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

ஏன் இந்தப் பாடுபடுகிறார் என்பது ஒரு பொலிஸ்காரரால்தான் எனக்குத் தெரியவந்தது. பம்பலப்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கண்ணாடி இறக்கியிருந்தது. கடல்காற்றில் மூன்று கடதாசி வெளியே பறந்து, போக்குவரத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தவரின் காலடியில் விழுந்தன. அவர் காரை ஓரங்கட்டச் சொன்னார். வாகனத்துக்குள் சூதாட்டம் நடக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார். நான் வாய்க்குள் கந்தசஷ்டி கவசத்தைத் தொடங்கிவிட்டேன். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "மகே துவட்ட, சேர்" என்றார். என்னுடைய மகளுக்காக, சேர். பொலிஸ்காரரின் கடுகடுப்பு இறங்கியது. பிறகு தானே குனிந்து மூன்றையும் பொறுக்கித் தட்டிக் கொடுத்தார்.

மிச்ச வழியில் மாஸ்டர் கதையைச் சொன்னார். மனைவியும் மகள் ஆரணியும் நான்கு வருடமாக ரொறொன்ரோவில் இருக்கிறார்கள். இவருக்கு விசா இன்னும் சரிவரவில்லை. போகும்போது ஏழு வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது பதினொன்று. போனில் சாப்பிட்டியா என்றால் ஓம் என்கிறாள். பள்ளிக்கூடம் எப்படி என்றால் ஓகே என்கிறாள். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. இவரோ அடுத்த கேள்விக்காக ஒரு கிழமை முழுக்க யோசிக்கிறார். ஒருநாள் அவளாகவே போனைத் திருப்பி, யாரோ ஒற்றைக் கையால் கடதாசி வெட்டுவதைக் காட்டி, உங்களுக்கு இது ஏலுமா அப்பா என்று கேட்டிருக்கிறாள்.

"அவளாக் கேட்ட முதல் கேள்வி அக்கா. ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? அது சின்ன விசயம், நீ லீவுக்கு வா, நேரில காட்டுறன் எண்டிட்டன்."

ஆரணி பள்ளி விடுமுறைக்கு வர நான்கு மாதம் இருந்தது. என்னுடைய பரீட்சைக்கும் அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகப் படித்தோம் என்றே சொல்ல வேண்டும். கிளச்சைப் பாதியில் நிறுத்துவது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்ததே அவருடைய பெருவிரலைப் பார்த்துத்தான். முழுதாக விட்டால் கொட்டிவிடும், விடாவிட்டால் நகராது.

மூன்றாம் மாதம் ஒருநாள், மரைன் டிரைவில் தண்டவாளத்தை ஒட்டி நான் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, கட்டு முதன்முறையாகச் சுத்தமாக வெட்டுப்பட்டது. ஒரு கடதாசிகூட விழவில்லை.

"கண்டனீங்களோ அக்கா?"

"நான் பின் கண்ணாடியைப் பார்த்தனான் மாஸ்டர்."

கண்ணாடியைப் பார் என்று மூன்று மாதமாகத் தலையில் அடித்துச் சொன்னவர் அவர்தானே. ஆனால் அதற்குப் பிறகு வெட்டு அவருக்கு வசப்பட்டுவிட்டது. பத்தில் எட்டு, பிறகு பத்தில் பத்து. கோல்பேஸ் திடலில் காசு வாங்கிக் காட்டலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டார்.

ஆரணி வந்த மூன்றாம் நாள் எனக்கு வகுப்பு இருந்தது. மாஸ்டர் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த பிள்ளை, பின் சீட்டில் இருந்து எனக்கு ஹலோ சொல்லிவிட்டுப் போனுக்குள் போய்விட்டாள். இன்னும் வெட்டிக் காட்டவில்லை என்று மாஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டில் ஒரே ஆட்களாம். உண்மையில் அவருக்குப் பயம், சாட்சிக்கு என்னைத் தேடியிருக்கிறார். மரைன் டிரைவில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவர் கையைத் தேய்த்துக்கொண்டு தன் பழைய கட்டை எடுக்கப் போனார்.

"வெயிட் அப்பா, நான் உங்களுக்குக் கொண்டந்தனான்" என்று ஆரணி ஒரு புதுக் கட்டை நீட்டினாள். அங்கிருந்து வாங்கி வந்தது, கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை. மாஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பிரித்தார், விரல்நுனியில் தூக்கினார், பெருவிரலைத் தளர்த்தினார். கட்டு முழுவதும் கியர் மேல் கொட்டியது.

புதுக் கடதாசி, வழுக்குது என்றார். பொறுக்கினார். மறுபடி கொட்டியது. மூன்றாம் தடவை கீழ்ப்பாதி பாதிவழியில் சிக்கி, கடதாசி என் மடிவரை பறந்தது. அவருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. பின் கண்ணாடியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கோபமில்லை, கேலியும் இல்லை. "பரவாயில்ல அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பரவாயில்லை எனக்கே சுட்டது. நான்கு மாதம் தோல் வெடிக்கப் பழகியவருக்கு எப்படி இருந்திருக்கும்?

என் மடியில் கிடந்த கடதாசியை எடுத்தேன். இஸ்கோப்பன், அதாவது ஸ்பேட், மூன்று. எங்கேயோ இடித்தது. நான்கு மாதம் அந்தக் காரின் சீட்டுக்கு அடியில் கடதாசி பொறுக்கியிருக்கிறேன். ஜாக் பொறுக்கியிருக்கிறேன், ஒன்பது பொறுக்கியிருக்கிறேன். ஒரு மூன்றைக் கண்டதாக நினைவில்லை.

"மாஸ்டர், உங்கட பழைய கட்டு எங்கத்தையது?"

"எங்கட ஃபிளாட்டில முந்நூற்றி நாலு விளையாடுற ஆக்கள் தந்தது. ஏன்?"

யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முந்நூற்றி நாலு என்ற எங்கள் சீட்டாட்டத்துக்கு ஏழுக்குக் கீழே உள்ள கடதாசி தேவையில்லை. எங்கள் வீடுகளில் புதுக் கட்டைப் பிரித்தவுடன் இரண்டு முதல் ஆறு வரை கழித்து, விளையாடச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம். மிச்சம் முப்பத்திரண்டு. எங்களுக்குக் கட்டு என்றால் அதுதான். இந்த மனிதர் நான்கு மாதம் முப்பத்திரண்டு கடதாசியில் பழகிவிட்டு, ஐம்பத்திரண்டைக் கையில் எடுத்தால் விரல் எப்படி எட்டும்? பக்கத்தில் இருந்து பார்த்த எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நானும் அதே ஊர்க்காரிதானே.

சொன்னதும் மாஸ்டர் கடதாசியைப் பொறுக்கிக் கட்டாக்கினார். பிறகு இரண்டையும் மூன்றையும் பிரித்துப் பிரித்து டாஷ்போர்ட்டில் போடத் தொடங்கினார். பின்னால் இருந்து ஆரணி எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அப்பா அதுகள எறியிறீங்கள்?"

அவர் சொல்லத் தொடங்கினார். முந்நூற்றி நாலு, துரும்பு எனும் துருப்புச்சீட்டு, ஜாக்குக்கு ஏன் முப்பது புள்ளி, அம்மப்பா ஒருமுறை துரும்பை மறந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது எல்லாம் வந்தது. சொல்லச் சொல்லப் போன் அவள் மடியில் கவிழ்ந்தது. கடைசியில் கட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"மாஸ்டர்," என்றேன். "கிளச்சைப் பாதி விடுங்கோ."

விட்டார். கீழ்ப்பாதி இறங்கியது, எழுந்தது, மேல்பாதி வழுகிப் போய் உட்கார்ந்தது. நான் இந்தத் தடவை எந்தக் கண்ணாடியையும் பார்க்கவில்லை.

"திருப்பிச் செய்யுங்கோ" என்றாள் ஆரணி. திருப்பிச் செய்தார். அன்று எனக்கு வகுப்பே நடக்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு அவள் பழகினாள், அவர் விடு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கார் முழுவதும் கடதாசி பொறுக்கினேன்.

ஆரணி திரும்பிப் போகும்போது முப்பத்திரண்டைக் கொண்டுபோனாள். கழித்த இருபதையும் அப்பாவிடம் விட்டுவிட்டு, அடுத்த முறை ஐம்பத்திரண்டிலும் வெட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அதைத் தன் பழைய கட்டோடு சேர்த்துக்கொண்டு மறுபடி முதலில் இருந்து தொடங்கிவிட்டார். பெருவிரலில் மறுபடி பிளாஸ்டர்.

எனக்கு லைசன்ஸ் கிடைத்து மூன்று மாதமாகிறது. ரிவர்ஸ் இன்னும் சரியில்லை என்று சொல்லிப் புதன்கிழமை வகுப்பை நிறுத்தாமல் வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு ரொறொன்ரோவில் இருந்து அழைப்பு வரும். காரை மரைன் டிரைவில் ஓரங்கட்டிவிட்டு, அவருடைய இடது கை தெரியும்படி நான் போனைப் பிடிப்பேன். அரை மணித்தியாலம் அப்பாவும் மகளும் கதைத்துக்கொண்டே வெட்டுவார்கள். "அக்கா இல்லாட்டி ஆர் எனக்குப் போன் பிடிக்கிறது" என்று மாஸ்டர் ஒவ்வொரு கிழமையும் சொல்வார். ஒற்றைக்கையால் வெட்டுகிறவருக்கு மற்றக் கை சும்மாதானே இருக்கிறது, அதில் பிடிக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.