குழியானை வடிவின் கூம்புக் கண்காட்சி

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. கோடையில் அதில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது. முக்கியமாக, மணல் இருந்தது. அந்த மணலில் வடிவு என்ற குழியானை வசித்தாள்.

குழியானை என்பது யானை அல்ல. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பூச்சி. மணலில் புனல்போல ஒரு குழி பறித்து, தாடையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அடியில் புதைந்திருக்கும். சரிவில் கால் வைத்த எறும்பு சறுக்கி வந்து விழும். அதுதான் சாப்பாடு. மழைக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால், மணலாலும் நூலாலும் தன்னைச் சுற்றி ஓர் உருண்டை கட்டி உள்ளே தூங்கும். விழிக்கும்போது இறக்கை முளைத்திருக்கும். சாப்பாடு போதவில்லை என்றால் இறக்கையும் இல்லை, விழிப்பும் இல்லை.

வடிவுக்குக் கூச்சம் அதிகம். குழியானைகள் பின்னோக்கித்தான் நடக்கும் என்பது அவளுக்கு மிகவும் வசதியாக இருந்தது. யாருக்கும் எதிரே வர வேண்டியதில்லை. சாப்பிடும்போதுகூட எறும்பின் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் குழி விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரி. சரிவில் ஒரு துகள் துருத்திக்கொண்டிருந்தாலும் தூக்கம் வராது. தலையால் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சுற்றிச் சுற்றி வந்து மறுபடி சரிசெய்வாள்.

"ஏண்டி, எறும்பு விழறதுக்குக் குழி பறிக்கிறியா, இல்ல எறும்பு பாராட்டுறதுக்கா?" என்று பக்கத்துக் குழி தெய்வானை அக்கா கேட்பாள். தெய்வானையின் குழி கோணலாக இருக்கும். தெய்வானை குண்டாக இருப்பாள்.

ஒரு நாள் ஆற்றுக்கு மேலே பறந்த இருவாச்சிப் பறவை சட்டென்று திரும்பி வந்து மணலில் இறங்கியது. அவர் பெயர் பரிதிவாணன். காட்டுக் கலைமன்றத்தின் பொறுப்பாளர். அலகின் மேல் இன்னோர் அலகு இருப்பதால், சாதாரணமாக அவர் சொல்வதும் இரண்டு மடங்காகத்தான் இருக்கும்.

"யாரும்மா இதைப் பண்ணது?"

வடிவு மணலுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

"பேச மாட்டேங்கிறியா? அருமை! படைப்பே பேசட்டும்னு விட்டுடுற. எவ்வளவு சுத்தமான கூம்பு! என்ன ஒரு வெறுமை!"

"சார், அது வந்து... சாப்பாட்டுக்கு..."

"சாப்பாட்டைப் பத்திப் பேசாதே. கலைஞர்கள் அதைப் பேசினா எனக்குச் சங்கடமா இருக்கும்."

தெய்வானை தலையை வெளியே நீட்டினாள். "என்னோடதும் கூம்புதான் சார்."

பரிதிவாணன் எட்டிப் பார்த்தார். சரிவில் ஓர் எறும்புக்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுல கதை அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வடிவின் பக்கம் திரும்பினார். "மழைக்கு முன்னாடி உனக்கு ஒரு கண்காட்சி வைக்கிறேன். காலையில் சிற்பங்கள், சாயங்காலம் அனிமேஷன் படம். ஒரே ஒரு நிபந்தனை. எறும்பு விழுந்தா சரிவு கலைஞ்சிடும். அதனால கண்காட்சி முடியற வரைக்கும் நீ சாப்பிடக் கூடாது."

வடிவு யோசித்தாள்.

"யோசிக்காதேம்மா. என் மனைவி முட்டையிடும்போது வருஷா வருஷம் அவளை மரப்பொந்துல வச்சு வாசலை மண்ணால பூசுறவன் நான். வெற்றிடம், விளிம்பு, இதெல்லாம் எனக்கு அத்துப்படி."

"உள்ளே இருக்கறப்ப அவங்களுக்குச் சாப்பாடு?"

"நான்தான் தினமும் பழம் கொண்டுபோய் ஊட்டுவேன்."

"அப்ப எனக்கும் அந்த மாதிரி ஏதாவது..."

"அது குடும்பம்மா. இது கலை."

மறுத்திருக்கலாம். ஆனால் அதுவரை யாரும் அவள் குழியை மேலிருந்து பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் விழுந்துகொண்டிருந்தார்கள். நின்று, தலையைச் சாய்த்து, 'அருமை' என்று சொன்னவர் இவர்தான் முதல் ஆள். வடிவு சரி என்றாள்.

கலைமன்றத்தின் விண்ணப்பத்தில் 'படைப்பின் மையக் கரு' என்று ஒரு கட்டம் இருந்தது. வடிவு உண்மை பேசுகிறவள். 'எறும்பு' என்று எழுதினாள். பரிதிவாணன் அதைத் திருத்தி, 'எறும்பின்மை' என்று தலைப்பிட்டு, மரத்துக்கு மரம் சுவரொட்டி ஒட்டினார்.

வேலை தொடங்கியது. ஆற்றின் வளைவு முழுக்கக் கூம்புகள் பறிக்க வேண்டியிருந்தது. சிறியது, பெரியது, ஒன்றின் விளிம்பை ஒன்று தொடுவது, தொடப்போய் நின்றுவிடுவது. தப்பித் தவறி எறும்பு ஏதாவது வந்தால் வடிவு கண்ணை மூடிக்கொண்டு, "அந்தப் பக்கமா போங்க, வேலை நடக்குது" என்று வழி சொல்லி அனுப்பினாள். எறும்புகள் நன்றி சொல்லிவிட்டுப் போயின. அந்த நன்றி வயிற்றுக்குள் போய் உறுமியது.

அனிமேஷனுக்குப் பச்சோந்தி சுகந்தனை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவன் முதுகுதான் திரை. வடிவு ஒரு துகளைக் கொஞ்சம் நகர்த்துவாள். சுகந்தன் உற்றுப் பார்த்து அதை முதுகில் வாங்கிக்கொள்வான். மறுபடி கொஞ்சம் நகர்த்துவாள். இப்படியே நாள் முழுக்க வேலை செய்தால், ஒரு துகள் கூம்புக்குள் கால்வாசி தூரம் உருளும்.

நடுநடுவே சுகந்தன் நாக்கை நீட்டி ஈ பிடித்துச் சாப்பிட்டான்.

"உங்களுக்கு மட்டும் எப்படி அனுமதி?" என்று வடிவு மெதுவாகக் கேட்டாள்.

"நான் டெக்னீஷியன் மேடம். எங்களுக்கு பேட்டா உண்டு. உங்களுக்கு மரியாதை உண்டு." ஒரு ஈயை மென்றுகொண்டே, "மரியாதை ஒழுங்கா வருதா?" என்று அக்கறையோடு விசாரித்தான்.

நாட்கள் போகப் போக வடிவு மெலிந்தாள். முன்பெல்லாம் அவள் தலையை உதறினால் மணல் பறக்கும். இப்போது மணல் இருந்த இடத்திலேயே இருந்தது, அவள் பறந்தாள். வானத்தில் மேகம் சேர ஆரம்பித்தது.

தெய்வானை வந்து நின்றாள். "நான் உருண்டை கட்டப் போறேன்டி. என் குழி காலியாத்தான் இருக்கும். கோணல்தான், ஆனா நல்லா விழும். வந்து உக்காந்து நாலு வாய் சாப்பிடு."

"கண்காட்சி முடியட்டும் அக்கா."

"கண்காட்சியா நீயா, எது முதல்ல முடியுதுன்னு பாரு."

கண்காட்சி நாள் வந்தது. மான்களுக்கும் யானைகளுக்கும் அழைப்பு இல்லை, மிதித்துவிடுவார்கள். அழைக்கப்பட்டவர்கள் எறும்புகள். காட்டிலேயே யாரும் சொல்லாமலே வரிசையில் நிற்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆற்றங்கரையிலிருந்து முதல் கூம்பு வரை கறுப்புக் கோடு போட்டதுபோல நின்றார்கள். வடிவு முதல் கூம்பின் அடியில் புதைந்து, இரண்டு தாடைகளையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

வாசலில் பலகை இருந்தது: 'படைப்பைத் தொடாதீர்கள். படைப்பாளியும் உங்களைத் தொட மாட்டார்.'

வரிசையின் முன்னால் விமர்சகர் கோதண்டம் நின்றார். கட்டெறும்பு. வாயைத் திறந்தால் மூட மாட்டார். இவர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டுவதையே விட்டுவிட்டதாகப் பேச்சு.

கோதண்டம் விளிம்பில் நின்று மீசையை ஆட்டினார். "ம். வடிவம் சரி. ஆனா ஆழம் பத்தாது."

"உள்ள எட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்" என்றாள் பின்னால் நின்ற எறும்பு.

"எட்டிப் பாத்துட்டுத்தாம்மா சொல்றேன்" என்று கோதண்டம் எட்டிப் பார்த்தார். கால் சறுக்கியது.

வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். கோதண்டம் மேலே ஏறப் பார்த்தார். "பாருங்க, பொருள்ல உறுதி இல்ல! சரியுது!" ஒரு அடி ஏறினார், இரண்டு அடி இறங்கினார். "பார்வையாளரைப் பத்தி யோசனையே இல்ல! பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல! இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு, எங்க பக்கத்துல இதைவிட நல்லா..."

அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசியிராத வடிவு, தலையை ஒரு உதறு உதறினாள். ஒரு பிடி மணல் பறந்து போய்க் கோதண்டத்தின் முகத்தில் விழுந்தது. விமர்சனத்துக்கு அவள் கொடுத்த முதல் பதில் அதுதான். கோதண்டம் நேராக அடிக்கு வந்து சேர்ந்தார். வடிவு வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் குழியைச் சுத்தமாக வைக்கும் பழக்கத்தில், கோதண்டத்தின் வெறும் கூட்டைத் தூக்கி வெளியே எறிந்தாள். அது வரிசையின் முன்னால் வந்து நிமிர்ந்து விழுந்தது.

"சார், எப்படி இருந்துச்சு?" என்று பின்னால் நின்றவள் ஆவலாகக் கேட்டாள்.

கோதண்டம் பதில் சொல்லவில்லை.

"ஐயோ, கோதண்டம் சாருக்கே பேச்சு வரலடி!"

"அவரு வாயடைச்சு நான் பாத்ததே இல்ல. தள்ளுங்க, தள்ளுங்க, நான் போறேன்."

"வரிசையில வாங்கக்கா, எல்லாரும் பாக்கத்தான் போறோம்."

அன்று வரிசை நகர்ந்த வேகத்தைப் பார்த்துப் பரிதிவாணன் மரத்தில் இருந்தபடியே கண் கலங்கினார். உள்ளே போன யாரும் ஒரு குறைகூடச் சொல்லவில்லை. இப்படி ஒரு கண்காட்சியை அவர் நடத்தியதே இல்லை.

சாயங்காலம் அனிமேஷன். பறவைகளும், வரிசையில் இடம் கிடைக்காத எறும்புகளும் கூடியிருந்தன. சுகந்தன் முதுகைத் திருப்பி உட்கார்ந்தான். ஒரு துகள் உருண்டது. எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். சுகந்தனுக்குப் பதற்றம் வந்தது. பதற்றம் வந்தால் அவன் முதுகு அவன் பேச்சைக் கேட்காது. மனதில் நிற்பதைக் காட்டிவிடும். காலையில் அவன் முதல் கூம்பின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். துகள் மறைந்தது. கோதண்டம் தோன்றினார். சறுக்கினார், திட்டினார், மணலை வாங்கிக்கொண்டார், அடிக்குப் போனார். வெறும் கூடு வெளியே வந்து விழுந்தது.

எறும்புகள் எழுந்து நின்றன. பரிதிவாணன் பறந்து வந்து முதல் கூம்பின் விளிம்பில் இறங்கினார்.

"வடிவு, நீ பார்வையாளர்களைச் சாப்பிட்டியா?"

அவர் ஒரு கொத்து கொத்தினால் கதை முடிந்தது. பொய் சொல்ல அவளுக்கு வராது. "ஆமா சார்" என்றாள். நாக்குக் குழறியது, வாயில் இன்னும் கொஞ்சம் பார்வையாளர் இருந்தார்.

பரிதிவாணன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மரங்களில் ஒட்டிய சுவரொட்டிகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே! பார்வையாளரும் படைப்பும் ஒன்றாகும் புதிய கலையை நீங்கள் கண்டீர்கள். காட்டில் இதுவே முதல் முறை."

ஓர் எறும்பு முன்காலைத் தூக்கியது.

"நாளைக்கும் உண்டா சார்? இன்னைக்கு எங்க வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க. நான் மட்டும்தான் பாக்கல."

மழை வரும் வரை கண்காட்சி நீட்டிக்கப்பட்டது.

முதல் தூறலுக்கு முந்தைய நாள் வடிவு மணலாலும் நூலாலும் தன்னைச் சுற்றி ஓர் உருண்டை கட்டினாள். அப்படி ஓர் உருண்டையை ஆறு பார்த்ததில்லை; எங்கும் ஒரு துகள்கூடத் துருத்தவில்லை. பரிதிவாணன் அதை ஒரு கல்லின் மேல் வைத்து, 'கூம்பிலிருந்து கோளத்துக்கு: கலைஞரின் இரண்டாம் கட்டம்' என்று பலகை மாட்டினார்.

மழை ஓய்ந்த ஒரு மாலை உருண்டை உடைந்தது. உள்ளிருந்து நீண்ட, கண்ணாடி மாதிரி இறக்கைகளோடு வடிவு வெளியே வந்தாள். எந்தப் பக்கம் போவது என்று முதலில் குழம்பினாள். பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக முன்னோக்கிப் பறந்தாள்.

"அய்யோ, சிற்பம் ஓட்டையாயிடுச்சே!" என்று பரிதிவாணன் கீழிருந்து கத்தினார். சற்று உற்றுப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் இந்த ஓட்டை அருமையா இருக்கு" என்றார்.

மேலே தெய்வானை அக்கா ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே இறக்கைதான்.

"வந்துட்டியாடி? நானும் வந்துட்டேன். ஒரு சுவரொட்டிகூட ஒட்டாம."

நீதி: கலைஞருக்குச் சாப்பாடு போடாமல் கண்காட்சி நடத்துகிறவர்கள், விமர்சகர்களையாவது கொஞ்சம் அதிகமாக அழைக்க வேண்டும்.