மிதந்த தேசிக்காயும் ஏறாத சாமியும்

வெறிமுறிச் சாமியின் கொட்டிலில் அன்று பின்நேரம் நின்றவர்கள் இவர்கள்: மணப்பெண் ஜதுசா. மாப்பிள்ளை அனுசன். பெண்ணின் தாய் சிவகாமிப்பிள்ளை. அவளுடைய தம்பி பாக்கியரத்தினம். உறவினர்களை ஏற்ற வான் கொண்டுவந்த குறிஞ்சாக்கேணி றுவைஸ். பெண்ணின் பெரியப்பாவாகிய நான், வேலாப்போடி. பிறகு சாமி, சாமியிடம் குடிவெறி இறக்க வரிசையில் நின்ற முகம் தெரியாத கூட்டம். வேறு எவராவது "நானும் நின்றனான், கண்ணால கண்டனான்" என்று கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

கொட்டில் இருப்பது துறைமுகப் பக்கத்து வீதியில், கல்யாண மண்டபத்துக்கும் சாராயக் கடைக்கும் நடுவில். அந்த இடத்தைத் தெய்வம் கனவில் காட்டியதாம். தெய்வத்துக்கு வியாபாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வைத்தியம் இதுதான். குடித்தவனின் தலையைச் சுற்றி ஒரு தேசிக்காயை, பச்சை எலுமிச்சையை, முதல் சட்டித் தண்ணீரில் சாமி போடுவார். காய் தாழும். "பார், வெறியின்ர பாரம்!" என்பார். பிறகு மந்திரம், முதுகில் வேப்பிலை அடி. அதே காயை இரண்டாம் சட்டியில் போடுவார். அது மிதக்கும். "வெறி இறங்கீட்டுது, வாகனத்தை எடு!" உண்டியல் கிலுங்கும். வரிசையில் ஓட்டோக்காரர், லொறிக்காரர், மோட்டார் சைக்கிள்காரர். "இனிப் பொலிஸ் பலூனைத் தந்து ஊதச் சொன்னாலும் எனக்குப் பயமில்லை" என்று ஒருவன் சத்தியம் செய்தான். கொட்டில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் செய்தான்.

நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் மணப்பெண் ஏறும் காரைத் தாய்மாமன்தான் ஓட்ட வேண்டும். என் தகப்பன் காலத்தில் மாட்டு வண்டி, இப்போது கார். ஆள் மாறக்கூடாது. என் தம்பி உயிரோடு இல்லை. அவன் பிள்ளையைச் சம்பூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் குறைவில்லாமல் இறக்குவது என் பொறுப்பு. ஆனால் தாய்மாமனோ மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே மண்டபத்தின் பின்பக்கம் போய்வந்துவிட்டார்.

"ரெண்டே ரெண்டு கிளாஸ்தான் அத்தான்" என்றார் பாக்கியரத்தினம். கிளாசின் அளவை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணவறையில் கட்டிய வாழைமரத்தைப் பார்த்து "வாங்கோ, சாப்பிட்டிட்டீங்களோ?" என்று அவர் உபசரித்ததைக் கண்டபின் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

"சாமியிட்டக் காட்டினால் அஞ்சு நிமிசத்தில தெளிஞ்சிடும்" என்றாள் சிவகாமிப்பிள்ளை. எனக்குச் சாமியில் நம்பிக்கை இல்லை. வழக்கத்தில் உண்டு. ஆகவே நானும் கூடவே நடந்தேன்.

முதல் சட்டியில் காய் தாழ்ந்தது. இரண்டாம் சட்டியில் மிதந்தது. கூட்டம் கைதட்டியது. பாக்கியரத்தினமும் கைதட்டினார், மூன்றாவது தட்டில் ஒரு கை மற்றக் கையைச் சந்திக்கவில்லை.

"சாவியைக் குடுங்கோ, மாமாவுக்கு இப்ப ஒண்டுமில்லை" என்றார் சாமி.

"பொறுங்கோ" என்றாள் ஜதுசா. கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். கூடையிலிருந்து ஒரு புதுக் காயை எடுத்துத் தன் தலையைச் சுற்றி முதல் சட்டியில் போட்டாள். தாழ்ந்தது.

"நான் விடிஞ்சதிலயிருந்து தேத்தண்ணியும் பாலும் பழமும்தான். அப்ப நானும் வெறியோ சாமி?"

வரிசையில் யாரோ சிரித்தான். சாமி வேப்பிலையைத் தேடினார். அதற்குள் அவள் இன்னொரு காயை எடுத்து, தலையையும் சுற்றாமல் மந்திரமும் சொல்லாமல் நேரே இரண்டாம் சட்டியில் போட்டாள். மிதந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு! கட்டி உப்பை அள்ளிக் கரைச்சு வைச்சிருக்கிறார். உப்புத் தண்ணியில காய் மிதக்கும், அதுக்கு மந்திரம் ஏன்? ஆக்களே, வந்து நக்கிப் பாருங்கோ!"

"பிள்ளை, இது பக்தியால விளங்கிற விசயம். நாக்கால விளங்காது" என்றார் சாமி.

"சரி, நாக்கை விடுவம். மாமாவுக்கு வெறி இறங்கீட்டுதுதானே?"

"முழுக்க இறங்கீட்டுது."

"அப்ப வாங்கோ. காரில முன் சீற்றில நீங்கள் இருங்கோ. கிண்ணியாப் பாலம் தாண்டிச் சம்பூர் வரைக்கும் மாமா ஓட்டட்டும். நீங்கள் ஏறினால் நானும் ஏறுறன்."

சாமிக்கு உடனே பூசை நேரம் வந்துவிட்டது. பிறகு இடுப்பு வலி வந்தது. "ஏறுங்கோ சாமி!" என்று வரிசையே கத்தத் தொடங்கியது. பாக்கியரத்தினம் அன்போடு சாமியின் கையைப் பிடித்து இழுத்து, "வாங்கோ சாமி, பறந்து போவம்!" என்றார்.

சாமி கையை உதறினார். "விடடா! அந்த ஆள் நிறை வெறியில நிக்கிறான், நான் எப்பிடி அவன்ர காரில ஏறுறது? எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு!"

உண்மையைச் சாமி சொன்னது அன்று அந்த ஒருமுறைதான்.

"எனக்கும் உயிர் இருக்கு" என்றாள் ஜதுசா. பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "குடிச்சதை ஈரல் தன்ரபாட்டில, மெல்ல மெல்லத்தான் கரைக்கும். தேசிக்காய், கோப்பி, குளிப்பு ஒண்டாலயும் அதை அவசரப்படுத்த ஏலாது. ஒரு கிளாசுக்கே மணித்தியாலக் கணக்கு. நல்லாக் குடிச்சவர் அடுத்த நாள் காலமையும் சாவியைத் தொடக்கூடாது."

மாப்பிள்ளை அனுசன் காரின் சாவியை வாங்கித் தன் வேட்டி மடியில் சொருகிக்கொண்டான். பையன் அன்று செய்த முதல் உருப்படியான காரியம் தாலி கட்டியது; இது இரண்டாவது.

றுவைஸ் என்னிடம் வந்தார். "ஐயா, குறை நினைக்காதீங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் நம்மட வானில ஏறட்டும். நான் வாழ்க்கையில தேத்தண்ணிக்கு மேல குடிச்சதில்ல."

"மணப்பெண் வாடகை வானில போறதோ? எங்கட குடும்பத்து வழக்கம் என்னாகிறது?" என்றேன்.

"பெரியப்பா, நான் போய்ச் சேர்ந்தால்தானே வழக்கம்?" என்றாள் ஜதுசா.

மணமக்களோடு பாக்கியரத்தினத்தையும் றுவைசின் வானில் ஏற்றினேன். பூக்கட்டிய கார் மண்டப வாசலிலேயே நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வரிசை பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இன்னும் நின்றது. அவர்களில் ஒருவன் சாமியிடம் "எனக்குக் கொஞ்சம் உப்புக் கூடப் போடுங்கோ" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தேசிக்காய் மிதப்பதைப் பார்க்கக் கண் போதும். ஏன் மிதக்கிறது என்று கேட்கத்தான் தலை வேண்டும். அதை இந்த ஊரில் பலர் தேசிக்காய் சுற்றுவதற்கு மட்டும் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுத் தாய்மாமன் குடித்தார் என்று எழுத எனக்குக் கூச்சம்தான். ஆனால் எங்கள் மானத்தை ஒரு சட்டி உப்புத் தண்ணீர் காப்பாற்றியது என்று பெயர் வருவதைவிட இது மேல். ஏனென்றால் இப்போது ஊரில் ஒரு கதை ஓடுகிறது: சாமியின் அருளால் பாக்கியரத்தினம் வழியிலேயே தெளிந்து, மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிமிர்ந்து இறங்கினாராம்.

பொய். அவர் இறங்கவில்லை, நானும் றுவைசும் தூக்கி இறக்கினோம். தெளிந்தது மறுநாள் மத்தியானம், தூங்கி எழும்பிய பிறகு.