குழாய்க்காரர் கிளப்பிய கடல் பேய்

கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்ன எதையும் குழாய்க்காரர் மறுத்ததில்லை. மறுக்க நேரம் கொடுத்தால்தானே! அப்படித்தான் கடலோரப் பாறைப் பாதையில் கூடாரத்தைச் சுமந்துகொண்டு மூன்று நாள் நடைக்கு வந்து மாட்டிக்கொண்டார். முதல் நாளே நாக்குத் தள்ளிவிட்டது. விடிந்ததும் இவளை வீட்டுக்குத் திருப்பியே தீருவது என்று சபதம் எடுத்தார்.

முட்டி வலி என்று முனகினார்.

"தைலம் தேய்ச்சுக்கோங்க."

சரி, அடுத்த அஸ்திரம். எதற்கும் இருக்கட்டும் என்று தன் குழாய்க் கடையிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த குட்டைக் குழாய் ஒன்றை, அடியை அடைத்துப் பாறை இடுக்கில் செருகினார். அதில் சிவப்புப் புள்ளி இருந்தது. யாரும் சுட்டுவிடாதபடி கடைச் சரக்கு எல்லாவற்றிலும் அவர் வைக்கிற புள்ளி அது.

சாயங்காலம் மூடுபனி ஏறியது. கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. காற்று குழாய் வாயை உரசியது.

"ஊ... ஊ..."

செருகியவருக்கே உடம்பு சிலிர்த்தது.

"கேட்டியா? கடலோட போனவங்க கூப்பிடற சத்தம். இது நல்லதுக்கில்ல, திரும்பிடலாம்."

"கூப்பிட்டா யாருன்னு போய்ப் பாக்க வேணாமா?"

"ஏய், போகாத!"

போய்விட்டாள். சட்டென்று சத்தம் நின்றது.

"ஏம்மா?"

ஓடிப் பார்த்தார். ஈர மணலில் அவள் காலடித் தடம் பாறைவரை போயிருந்தது. அதற்குமேல் அலை அழித்துவிட்டிருந்தது. இடுக்கில் குழாயும் இல்லை.

"நீ இல்லாம அந்த வீட்டுல நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று வாய்விட்டே அழுதார்.

"ஊ..."

மேலே, பாதையில். குழாய்தான் இல்லையே, இது யார்? அவளை இழுத்துக்கொண்டு போகிறதோ? இரண்டு மூட்டையையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். விட்டுவிட்டுப் போனால் செத்தும் திட்டுவாள். செங்குத்துப் பாறை, வழுக்கும் ஓடை, மறுபடி ஏற்றம். சத்தம் மட்டும் எப்போதும் ஒரு வளைவு முன்னாலேயே போனது. பனிக்குள் ஏதோ சொட்டிக்கொண்டே வந்தது.

உச்சியில் டார்ச் வெளிச்சம். அவள் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் காலடியிலேயே சரிந்தார்.

"எங்கம்மா போன? அந்தச் சத்தம்..."

"எந்தச் சத்தம்? பனியில வழி தவறிட்டேங்க. திரும்பணும்னீங்களே, போலாமா? அந்தப் பாறையத் தாண்டித்தான் போகணும்."

"வேணாம்! இப்படியே முன்னாடி போலாம்!"

மிச்ச நாளெல்லாம் குழாய்க்காரர்தான் முன்னால் நடந்தார், இரண்டு மூட்டையோடு, திரும்பியே பார்க்காமல்.

பாதை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவள் ஸ்வெட்டர் கைக்குள்ளிருந்து எதையோ உருவி அவர் மடியில் வைத்தாள். சிவப்புப் புள்ளி அவரையே பார்த்தது.

"பத்திரமா வைங்க. அடுத்த தடவை முட்டி வலிச்சா ஊதணும்ல!"