கண் முகாம் போஸ்டர் செழுமை பெற்ற வரலாறு

மனித குலம் இதுவரை செய்த பிழைகள் அனைத்துக்கும் ஒரே காரணம், பக்கத்து பெஞ்சுக்காரனைக் கேட்காமல் செய்ததுதான். இந்த உண்மையைக் கண்டறிந்து அதற்கு மதிப்பெண்ணும் ஒதுக்கிய பெருமை, நாகமலை புதுக்கோட்டைப் பக்கமுள்ள ஒரு கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறையைச் சேரும். அச்சு வடிவமைப்புப் பாடத்தில் அங்கே 'சக மாணவர் கருத்துரை' என்றொரு மாபெரும் அமர்வு உண்டு. போஸ்டர் எப்படி இருக்கிறது என்பதற்கு மதிப்பெண் கொஞ்சம். மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சிரித்த முகத்தோடு ஏற்று, ஒன்று விடாமல் போஸ்டரில் சேர்த்ததற்குத்தான் அதிகம்.

அந்த அமர்வுக்குள் மூன்றாமாண்டு மாணவி நிலோபர் ஒரு போஸ்டரோடு போனாள். கப்பலூர் தொழிற்பேட்டையில் கல்லூரி நடத்தவிருந்த இலவசக் கண் முகாமுக்கானது அது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து: 'கண்ணு மங்கலாத் தெரியுதா? ஞாயிறு காலை வாங்க. காசு வேண்டாம்.' கீழே முகாம் நடக்கும் இடம். எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

அவளுடைய கணக்கே வேறு. அவள் அத்தா அப்துல் வஹீது கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தடவித்தான் கண்டுபிடிக்கிறார். ஓடுகிற லேத்தைத் தடவிப் பார்த்தால் கையில் விரல் மிஞ்சாது. டாக்டரிடம் போகலாம் என்றால், தனக்குக் கழுகுக் கண் என்பார். மகள் சொல்லி நகர மாட்டார். பட்டறையே கிளம்பினால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார். பட்டறைச் சுவரில் ஒட்டினால், எதிர்த்த டீக்கடையில் நின்றபடியே அவர் வாசித்துவிட வேண்டும் என்றுதான் அவள் எழுத்தை அவ்வளவு பெரிதாக வைத்தாள். கலையில் இத்தகைய சுயநலம் கூடாது என்பதை வகுப்பு அவளுக்கு உணர்த்தியது.

முதலில் பாண்டிச்செல்வி, போஸ்டர் அருமை என்று சொல்லிவிட்டு, அது 'மூச்சு விடவில்லை' என்றாள். மூச்சு விடுவதற்காக எழுத்து சிறுத்தது. அடுத்து ஒருவர் 'உணர்ச்சி' கேட்டார். பின்னணியில் சூரிய உதயம் வந்தது. கறுப்பு எழுத்து சூரியனோடு சண்டை போடுகிறது என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். எழுத்து இளமஞ்சளாகிச் சமாதானமானது. நிலோபர் அத்தனைக்கும் சிரித்தாள். சிரிப்புக்குத் தனி மதிப்பெண்.

பிறகு சிவபாண்டி எழுந்தான். அவன் மாமா பரவையில் பிளக்ஸ் கடை வைத்திருப்பதால், அச்சுக்கலையில் அவன் சொல்லுக்கு அப்பீல் கிடையாது.

"எல்லாம் சரி. மொகம் எங்க?" என்றான்.

"யாரு மொகம்?" என்றாள் நிலோபர்.

"கருத்துச் சொன்னவுங்க மொகந்தான். காதுகுத்துக்கு மொய் வச்சவன் படத்தையே போடுற ஊரு இது. இம்புட்டுப் பேரு மண்டைய ஒடச்சுக் கருத்துச் சொல்லிருக்கோம். மொகமே இல்லாம ஒட்டுனா எவன் மதிப்பான்?"

வகுப்பு கை தட்டியது. நிலோபருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"அப்ப எழுத்த எங்குட்டு வைக்க? கண்ணு தெரியாதவுங்கதான வாசிக்கணும்."

துறைத்தலைவர் முத்துப்பாண்டி கனிவோடு குறுக்கிட்டார். படைப்பாளி வாதாடக் கூடாது என்பதே கருத்துரையின் அடிப்படை நெறி என்றார். அமர்வில் தேறாத போஸ்டர் அச்சுக்குப் போகாது என்பதையும் நினைவூட்டினார். தம்முடைய படம் சற்றுப் பெரிதாக இருந்தால் துறைக்குத்தான் கௌரவம் என்றும் சேர்த்துக்கொண்டார். அச்சுக்கே போகாவிட்டால் அத்தாவுக்கு எதுவுமே இல்லை என்று எண்ணி, நிலோபர் மறுபடியும் சிரித்தாள்.

இவ்வாறு போஸ்டர் செழுமையடைந்தது. சூரிய உதயத்தில் வகுப்பே கூப்பிய கைகளோடு நின்றது. வடிவமைத்தவள் என்ற முறையில் நிலோபரை நடுவில் நிறுத்தினார்கள். முகாம் பற்றிய செய்தி, எவர் முகத்தையும் மறைத்துவிடாதபடி, அடியில் அச்சகத்தின் பெயரை ஒட்டி ஒற்றை வரியாக ஒதுங்கிக்கொண்டது. கப்பலூரில் பட்டறை தவறாமல் ஒட்டினார்கள்.

முகாம் மகத்தான வெற்றி. வந்தவர்கள் சிலரே ஆனாலும், ஒருவருக்கும் கண்ணில் குறை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வரியை வாசிக்க முடிந்தவர்கள்தானே வந்திருந்தார்கள். கப்பலூரில் பார்வைக் குறைபாடே கிடையாது என்று துறைத்தலைவர் மேடையில் அறிவித்தார். நிலோபருக்கு முழு மதிப்பெண்.

அவள் முகாம் வாசலிலேயே நின்று பார்த்தாள். அத்தா வரவே இல்லை. சாயங்காலம் வீட்டில், பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்தாரா என்று கேட்டாள்.

"பாக்காம என்னம்மா, அம்புட்டுப் பெருசா ஒட்டிருக்கு," என்றார் அப்துல் வஹீது, தண்ணீர்ச் சொம்பைத் தடவிக்கொண்டே. "கல்யாணப் போஸ்டரு. ஒரு கூட்டமே நின்னு கும்பிடுது. நடுவுல நிக்கிதே, அந்தப் புள்ளதான் பொண்ணு போல. யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கட்டும்."