வலது முழங்கால்

மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தார் பம்பரம். பின்னால் மூச்சிரைக்க வந்தார் உதவியாளர்.

"கீழ எங்கம்மா வந்து உட்கார்ந்திருக்காங்களாம். ஒரு வருஷமா என்னய்யா பேசினே அவங்ககிட்ட? சீக்கிரம் சொல்லு."

மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் பம்பரம். நிற்க நேரமில்லாத மனிதர். ஊரில் தனியாக இருக்கும் அம்மா, தினமும் மகனின் குரலைக் கேட்க ஆசைப்பட்டபோது அதற்கும் ஓர் ஆளைப் போட்டார். உதவியாளரின் குரல் அச்சு அசலாக அவர் குரல்தான். அன்றிலிருந்து சாயங்காலமானால் ஃபோனில் உதவியாளர்தான் மகன்.

இன்று குட்டு வெளிப்பட்டால் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

"பெருசா ஒண்ணுமில்ல சார். முழங்கால் வலின்னு சொல்லியிருக்கேன். அப்புறம் பூனை..."

"ஏதுய்யா பூனை?"

"என் பூனை சார். தினமும் பேசணும்னா வேற எதைச் சொல்றது? மீட்டிங்கை விட்டா உங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"சரி, கூடவே வா. வாயை மட்டும் திறக்காதே. உன் குரல் கேட்டா நான் தொலைஞ்சேன்."

வரவேற்பறை சோபாவின் நுனியில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார் அம்மா. பம்பரம் நொண்டிக்கொண்டே நெருங்கினார்.

"நீ எதுக்குப்பா வேலையை விட்டுட்டு வந்தே?"

"உன்னைப் பார்க்கிறதை விட என்னம்மா வேலை?" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் ஏன் நொண்டுது?"

"முழங்கால் வலி. ஃபோன்ல சொன்னேனே."

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற உதவியாளர் தன் வலது முழங்காலைத் தட்டிக் காட்டினார். பம்பரம் நொண்டியதோ இடது கால். அவசரமாகக் காலை மாற்றியதில் தரைவிரிப்பு தடுக்கி, நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

அம்மா அவருடைய கால்களை மாறி மாறிப் பார்த்தார்.

பேச்சை மாற்றினால் தப்பிக்கலாம். "பூனைகூட உன்னை விசாரிச்சுது. கொழுகொழுன்னு இருக்கும்மா."

செல்பேசி அதிர்ந்தது. உதவியாளரின் செய்தி. 'பூனை போன மாசம் செத்துப்போச்சு சார். நீங்க ஃபோன்ல அழுதீங்க.'

"அதாவது, இது புதுப் பூனை." நெற்றி வியர்த்தது. "காலையிலதான் வாங்கினேன்."

"அதுக்குள்ள அது என்னை விசாரிக்க ஆரம்பிச்சிடுச்சா?"

இதற்கு மேல் பேசினால் ஆபத்து. பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டை எட்டிப் பார்த்தது.

"அட, நீயே பின்னினதா?" பறிக்காத குறையாக எடுத்துத் தலைவழியே மாட்டினார்.

"இருப்பா, அது..."

தோளோடு நின்றுவிட்டது சட்டை. கைகள் இரண்டும் மேலே, தலை உள்ளே. இறங்கவும் மாட்டேன் என்றது, கழலவும் மாட்டேன் என்றது. அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. எந்நேரமும் காதில் இருக்கும் கருவி அதைத் தானாகவே எடுத்துக்கொண்டது.

"சொல்லுங்க. மீட்டிங்லதான் இருக்கேன், பரவாயில்ல, பேசலாம்" என்றார் கம்பளிக்குள்ளிருந்து.

பேச்சின் நடுவே யாரோ சட்டையை மெல்ல உருவியெடுத்தார்கள். அவர் கண்ணை மூடியபடியே கணக்கு விவரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பினால் சோபா காலி.

கண்ணாடிக்கு அப்பால், தெருவில் அம்மா நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உதவியாளர். கம்பளிச் சட்டை அளவெடுத்தாற்போல் அவருக்குப் பொருந்தியிருந்தது. வலது காலைச் சற்றே இழுத்து நடந்தார்.

"எங்க போறாங்க?"

"சாப்பிட சார்." வரவேற்பறைப் பெண் எழுந்து நின்றாள். "தப்பு என்மேலதான். உங்கம்மான்னு தெரிஞ்சதும் அவசரப்பட்டு உங்களைக் கூப்பிட்டுட்டேன். அவங்க உங்களைக் கேட்கவே இல்ல சார். 'தினமும் சாப்பிட்டியாம்மான்னு கேட்கிற தம்பியைக் கூப்பிடு. என் மகனைத் தொந்தரவு பண்ணாதே, அவன் பிஸியா இருப்பான்'னுதான் சொன்னாங்க."