பிறர் கால்களால் நடந்த தளபதி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, விமான எதிர்ப்புப் பீரங்கியின் குழாயைத் துடைத்தது. இருவரும் துடைப்புத் தண்டைப் பிடித்துத் தள்ளினோம். அவர் மனிதர்களில் ஒரு தனி இனம்: பிறர் பெயரில் நேர்ந்துகொள்ளும் தளபதி. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாம் உலகப்போர் முற்றுகையில் எங்கள் மால்டாத் தீவில் மாவுக்குப் பங்கீடு, மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு, பீரங்கிக் குண்டுக்கும் பங்கீடு. நேர்த்திக்கடனுக்கு மட்டும் இல்லை. அபாயச் சங்கு ஊதியதும் கேப்டன் ஸால்வு ஸெராஃபா, அதாவது என் அப்பா, தலைக்கவசத்தை மாட்டி, சிலுவை வரைந்து, தொலைநோக்கியில் கண் வைத்து, வருகிற விமானத்தின் உயரத்தையும் அதற்கேற்ற நேர்த்தியையும் ஒரே குரலில் அறிவிப்பார். உயரப் பறந்தால் ஒருநாள் நோன்பு. தாழ வந்தால் மெல்லியா மாதா கோயிலுக்கு வெறுங்கால் நடை. நடப்பது யார்? பட்டியலில் அடுத்த சிப்பாய்.

"நெனு, ஒரு மாசம் உனக்கு சிகரெட் கிடையாதுடா. மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே, கேப்டன்."

"கேட்டா ஒத்துக்குவியா?"

"சரி, நீங்க எதை விடப்போறீங்க?"

"நான் தளபதி. வேண்டிக்கிறதுதான் என் வேலை."

விமானம் விழுந்தால் மாதாவின் அருள். தப்பினால் நெனு ஒளிந்து புகைத்திருக்கிறான். குறிபார்க்கும் கருவியைப் பழுது பார்த்தவன் நான். இரண்டு கணக்கிலும் என் பெயர் வராது.

ஏப்ரலில் குண்டு விழுந்து, கருவி வைத்திருந்த குழி என்மேல் இடிந்தது. கல்லுக்கடியில் கிடந்தபடி மேலே அப்பா பேசுவதைக் கேட்டேன்.

"மாதாவே, இவன் உசுரோட வந்தா மெல்லியாவுக்கு வெறுங்கால்ல..."

"யாரு, கேப்டன்? நானா?" நெனுவின் குரல்.

கல் புரட்டும் சத்தம் நின்றது.

"இல்லடா. நான்."

உயிரோடு வந்தேன். சனிக்கிழமை புறப்படுவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை குழாய் துடைத்தோம். அன்று மதியம் விழுந்த குண்டில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் நெனு வந்தான். "நான் வேணா நடந்துட்டு வரவா? என் காலுக்குப் பழக்கம்தான்."

"வேணாம். அது அவர் பேர்ல இருக்கு."

வாசகரே, உதட்டோரம் சிரிக்கிறீர்கள். பிள்ளை பிழைக்க மனைவியின் கூந்தலை நேர்ந்தது நீங்களா, பக்கத்து வீட்டுக்காரரா? கடைசியாக உங்கள் வேண்டுதலில் யார் பட்டினி கிடந்தார்?

அப்பாவின் பூட்ஸ் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. மெல்லியா பன்னிரண்டு மைல். அவர் இன்னும் புறப்படவில்லை.