குடலிறக்கமும் என் செல்போன் வக்கீலும்

நான் யாரையும் லேசில் நம்பாதவன். விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் தந்த சில்லறையை இறங்கும் வரை எண்ணிக்கொண்டிருப்பேன். (பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்துத் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், அது வேறு கதை.) அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நம்பியது செல்போனில் இருக்கிற ஏஐயை.

போன வருஷம் தை மாதம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். குடலிறக்கம், ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். பங்குனியில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) பிடுங்க வேண்டும். அதற்குள் உடம்பு தேறாவிட்டால் மூட்டை தூக்க ஆள் கிடையாது. கிளியனூரில் எங்கள் நிலத்துக்கு வேலையாட்கள் நானும் மனைவி மல்லிகாவும்தான்.

நல்லவேளை, மருத்துவக் காப்பீடு இருந்தது. போட்டுக் கொடுத்தவன் மல்லிகாவின் தம்பி ஏழுமலை, விழுப்புரத்தில் ஏஜென்ட்.

"சித்திரை வரிக்கும் பொறுங்க மாமா. குடலிறக்கத்துக்குப் பாலிசி போட்டு ரெண்டு வருஷம் முடியணும். இன்னும் மூணு மாசம் கீது," என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. பாலிசி விற்கும்போது தேனாகப் பேசியவன், பணம் என்றதும் பஞ்சாங்கம் பார்க்கிறானே! இவனும் கம்பெனியோடு கூட்டு என்று முடிவுகட்டினேன். பாலிசியைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஏஐயிடம் கொடுத்து, ஆபரேஷனுக்குப் பணம் வருமா என்று கேட்டேன்.

"மிகச் சிறந்த கேள்வி!" என்று ஆரம்பித்தது. (இருபது வருஷத்தில் மல்லிகா ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை.) காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதாம், முழுத் தொகையும் கிடைக்குமாம். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

"தம்பிய ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாங்க," என்றாள் மல்லிகா.

"உன் தம்பிக்கு இன்னா தெரியும்? நீ சும்மா வா!"

திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பச்சை அங்கி மாட்டி, மழிக்க வேண்டியதையெல்லாம் மழித்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கட்டிலில் கிடந்தேன். இன்சூரன்ஸ் கவுன்டர் பெண் வந்தாள்.

"சார், கம்பெனியில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டு வருஷம் முடியலையாம்."

"யார்கிட்ட கதை வுடறீங்க? நான் ஏமாற ஆள் இல்லம்மா!"

அங்கியைப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கவுன்டர் வரை நடந்தேன். போனை நீட்டினேன். அவள் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, முதல் பக்கத்தில் நின்றாள்.

"பாலிசி ஆரம்பிச்ச தேதி எங்க சார்? இங்க உங்க கட்டை விரல்தான் இருக்கு."

உண்மைதான். என் விவரத்தையெல்லாம் செல்போன் திருடிவிடுமோ என்ற சந்தேகத்தில் பெயர், தேதி எல்லாவற்றையும் விரலால் மறைத்துத்தான் படம் எடுத்திருந்தேன். பார்க்காத தேதியை வைத்து அதுவாக ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. தெரியவில்லை என்று மட்டும் சொல்லவில்லை, படுபாவி! அங்கேயே மறுபடி கேட்டேன். "மன்னிக்கவும், தேதி படத்தில் இல்லை," என்றது, அதே மரியாதையோடு. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆபரேஷன் இல்லாமலே வீடு திரும்பினோம். பங்குனி வந்தது. நான் வயிற்றில் பெல்ட்டோடு வரப்பில் உட்கார்ந்திருக்க, ஏழுமலை தன் வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று நாள் மூட்டை தூக்கினான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"உன்னப் போய் சந்தேகப்பட்டேனே மச்சான்," என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அத்த வுடுங்க மாமா. இன்னும் எத்தினி மூட்ட கீதுன்னு செல்போனக் கேட்டுச் சொல்லுங்க," என்றான்.

சித்திரையில் ஆபரேஷன் ஆனது, கம்பெனியும் ஒழுங்காகப் பணம் கட்டியது. இப்போதும் நான் எதையாவது அடித்துப் பேசினால் மல்லிகா, "மொதல்ல வெரல எடுங்க," என்கிறாள். நானும் அனிச்சையாகக் கையை எடுத்துவிடுகிறேன்.